1.3-இல் வந்த பீக்: தம்பிக்கு எம்.ஆர்.எஸ். எடுத்த அனுபவம்

மூளையில் ஏதோ கட்டி மாதிரி தெரிகிறது, எம்.ஆர். ஸ்பெக்ட்ரோஸ்கோபி எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று உங்கள் வீட்டில் யாருக்காவது எழுதிக் கொடுத்திருந்தால், ஸ்கேன் சென்டருக்குக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். சுருக்கமாக எம்.ஆர்.எஸ்.: எம்.ஆர்.ஐ. மெஷினிலேயே, படத்துக்குப் பதில் அந்த இடத்தில் என்னென்ன பொருள்கள் இருக்கின்றன என்று பார்க்கும் சோதனை. என் தம்பிக்கு ஒரு இடத்தில் இதைச் சரியாக எடுக்காமல் விட்டதால், இல்லாத காசநோய்க்கு மாத்திரை ஆரம்பிக்க இருந்தோம். கடைசி நேரத்தில் தப்பித்தோம். கோபம் இன்னும் ஆறவில்லை.

தம்பிக்கு 27 வயது. வயலில் மோட்டார் கொட்டகை பக்கம் நின்றவனுக்கு இடது கை வெட்டி வெட்டி இழுத்து, அப்படியே விழுந்துவிட்டான். சி.டி. ஸ்கேனில் வலது பக்க மூளையின் மேற்பரப்பை ஒட்டி ஒரு சின்ன வளையம். நம் நாட்டில் இப்படி வளையம் தெரிந்தால் மருத்துவர்கள் முதலில் நினைப்பது இரண்டு: நாடாப்புழு முட்டையால் வரும் நீர்க்கட்டி, அல்லது காசநோய்க் கட்டி. அதற்கப்புறம்தான் புற்று. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. புழு என்றால் அல்பெண்டசோலும் ஸ்டீராய்டும் கொஞ்ச காலம். காசநோய் என்றால் கல்லீரலையும் கண்ணையும் பார்த்துக்கொண்டே ஓராண்டு அளவுக்கு மாத்திரை. புற்று என்றால் பெரும்பாலும் மண்டையைத் திறக்க வேண்டி வரும். அதனால்தான் எம்.ஆர்.ஐ.யோடு எம்.ஆர்.எஸ்.ஸும் வேண்டும் என்றார் தஞ்சாவூரில் நாங்கள் பார்த்த நரம்பியல் மருத்துவர்.

முதல் நாள் போனது வீண். சீட்டில் 'எம்.ஆர்.ஐ. பிரெயின் வித் கான்ட்ராஸ்ட்' என்பது பெரிதாகவும் 'எம்.ஆர்.எஸ்.' கீழே பொடி எழுத்திலும் இருந்தது. கவுன்டரில் மேல் வரியை மட்டும் பதிந்துகொண்டார்கள். மதியம் வரை உட்கார வைத்துவிட்டு, "ஸ்பெக்ட்ரோவுக்குத் தனி டைம் வேணும் மேடம். அதைப் போடத் தெரிஞ்ச டெக்னீஷியன் இன்னைக்கு லீவு" என்றார்கள். மெஷின் அதேதான், ஆனால் எல்லோரும் அதைப் போடுவதில்லை. போன் செய்யும்போதே 'எம்.ஆர்.எஸ். உண்டா, எடுப்பவர் எந்த நாள் இருப்பார், மெஷினின் காந்த வலிமை 1.5 டெஸ்லாவா 3 டெஸ்லாவா' என்று மூன்றையும் கேட்டுவிடுங்கள்.

மறுபடி போனபோது கிரியாட்டினின் ரிப்போர்ட் கேட்டார்கள். கான்ட்ராஸ்ட் ஊசிக்கு முன் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும், அது நியாயம். கையில் வைத்திருந்ததை வெளி லேப் என்று தள்ளிவிட்டு, அங்கேயே மறுபடி ரத்தம் எடுத்தார்கள். வெள்ளி அரைஞாண், அம்மா கட்டிய செப்புத் தாயத்து எல்லாம் கழற்ற வேண்டும். வீட்டிலேயே கழற்றிவிட்டுப் போனால் அந்த நேரத்துப் பதற்றம் மிச்சம். வெறும் வயிற்றோடு வரச் சொன்னாலும் வலிப்பு மாத்திரையை நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் கேட்டு ஒரு வாய் தண்ணீரோடு போட்டுவிடுங்கள்.

ஸ்கேன் முடிந்தது. ரிப்போர்ட் வந்தது. '1.3 பி.பி.எம்.இல் பெரிய லிப்பிட் பீக், காசநோய்க் கட்டியாக இருக்கக்கூடும்.' லிப்பிட் என்றால் கொழுப்பு, பீக் என்றால் கிராஃபில் எழும் முகடு. அம்மா கோயிலுக்குப் போய்விட்டாள், புற்று இல்லையே என்று.

நான் பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டில் சேம்பிளுக்கு என்.எம்.ஆர். எடுத்தவள்; ஒரு பொருளைக் காந்தப் புலத்தில் வைத்து அதில் என்ன மூலக்கூறு என்று கண்டுபிடிக்கும் முறை அது. எம்.ஆர்.எஸ். அடிப்படையில் அதேதான், கண்ணாடிக் குழாய்க்குப் பதில் மனிதர் படுத்திருக்கிறார். காந்தப் புலத்தில் ஒவ்வொரு மூலக்கூறின் ஹைட்ரஜனும் தன் சுற்றுப்புறத்துக்கு ஏற்பச் சற்றே மாறுபட்ட அலைவரிசையில் பதில் சொல்லும். எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் தண்ணீரின் சமிக்ஞையை வைத்துப் படம் வரைகிறது. எம்.ஆர்.எஸ். தண்ணீரை அமுக்கிவிட்டு, அதைவிடப் பல்லாயிரம் மடங்கு குறைவாக இருக்கும் மற்றப் பொருள்களைத் தேடுகிறது. கிராஃபில் ஒவ்வொரு பொருளும் தனக்கான எண்ணில் ஒரு பீக்காக எழும், அந்த எண்ணின் அலகுதான் பி.பி.எம். வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும்: 2.0-இல் என்.ஏ.ஏ., இது நரம்பணுக்களின் அடையாளம்; 3.0-இல் கிரியாட்டின், 3.2-இல் கோலின், செல் சவ்வு வேகமாகக் கட்டப்பட்டும் உடைந்தும் வந்தால் இது உயரும். நல்ல மூளையில் 1.3-இல் பெரிதாக எதுவும் இருக்காது. மூளையே கொழுப்புதானே என்று கேட்கலாம். சவ்வில் கட்டுண்ட கொழுப்பு அசையாது, அதன் சமிக்ஞை அளக்கும் முன்பே அழிந்துவிடும். அழுகிய திசுவில் அவிழ்ந்து அலையும் கொழுப்புத்தான் அங்கே எழும்பும். காசநோய்க் கிருமியின் சுவரிலும் கொழுப்பு அதிகம். அதனால் ரிப்போர்ட்டில் எழுதியது தன்னளவில் தப்பில்லை.

ஆனால் ஆய்வகத்தில் இருந்த எவருக்கும் 1.3 பக்கம் பீக் கண்டால் ஒரு சந்தேகம் வரும். குழாய் மூடியில் தடவிய ஹைட்ரோகார்பன் கிரீஸ் சேம்பிளில் கலந்தால், டியூட்டரோ குளோரோஃபார்ம் என்கிற கரைப்பானில் சரியாக 1.26-இலும் 0.86 பக்கமும் பீக் வரும். எங்கள் கைடு அங்கே எதையாவது காட்டினால் முதலில் கேட்பது, "சேம்பிளா, கிரீஸாம்மா?" என்றுதான். தம்பியின் கட்டியோ மண்டை எலும்பை ஒட்டி இருக்கிறது. எலும்புக்கு உள்ளேயும் கொழுப்பு, வெளியே தலைத்தோலுக்கு அடியிலும் கொழுப்பு. அளந்த பெட்டி எங்கே வைக்கப்பட்டது? வோக்சல் என்கிற அந்தப் பெட்டி மூளையின் எந்த இடத்தில் இருந்தது என்று காட்டும் படம் ரிப்போர்ட்டில் இல்லை. கோடு கோடாக ஒரு கிராஃப் மட்டும்.

மருத்துவரிடம் சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை. கட்டி 16 மி.மீ.தான் என்பதைக் காட்டி, 20 மி.மீ.க்குள் இருந்து, ஓரம் ஒழுங்காக இருந்தால் புழுக்கட்டி பக்கம்தான் முதலில் யோசிக்க வேண்டும் என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் மருத்துவர்கள் ராஜசேகரும் சாண்டியும் மற்றவர்களும் 1993-லேயே எழுதியிருப்பதைச் சொன்னார். "எனக்கும் இது இடிக்குதும்மா. பெட்டி இருக்கிற படத்தை வாங்கிட்டு வாங்க, அதுவரைக்கும் மாத்திரை ஆரம்பிக்க வேண்டாம்."

அந்தப் படத்தை வாங்கத்தான் பட்ட பாடு. ஸ்கேன் சென்டரில் கொடுத்த சி.டி. தட்டைப் போட்டுப் பார்த்தால் சாதாரண எம்.ஆர்.ஐ. படங்கள் மட்டும், ஸ்பெக்ட்ரோஸ்கோபியே அதில் இல்லை. கவுன்டரில், "ரிப்போர்ட் குடுத்தாச்சே மேடம், இதுக்கு மேல என்ன?" என்றார். பெட்டி வைத்த படம் என்றேன். "அப்படி ஒண்ணு கிடையாது." மேனேஜரைப் பார்க்க வேண்டும் என்றேன், வெளியூர் போயிருக்கிறார். ரிப்போர்ட் எழுதிய டாக்டர் எங்கே என்றேன், அவர் வேறு ஊரில் இருந்து ஆன்லைனில் பார்த்து எழுதுகிறவராம். அவருக்குப் போனதும் அந்த கிராஃப் மட்டும்தானா என்று கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை. ஒரு மனிதனின் மூளை விஷயம் இப்படிக் கைமாறுகிறது.

நகராமல் அங்கேயே உட்கார்ந்தேன். சாயங்காலம் ஷிஃப்ட்டுக்கு வந்த டெக்னீஷியன் பையன், "அக்கா, எந்தப் படம் வேணும், சொல்லுங்க" என்று உள்ளே கூப்பிட்டான். கன்சோலில் அந்த நாளைத் திறந்தான். மேலிருந்து பார்த்த படத்தில் பெட்டி சரியாகத்தான் தெரிந்தது. முன்பக்கத்தில் இருந்து வெட்டிய படத்துக்கு மாற்றியதும் அவனே "அய்யோ" என்றான். மேல் மூலை எலும்புக்குள் ஏறி இருந்தது. மூன்று கோணத்திலும் பிரின்ட் போட்டுக் கொடுத்தான். அந்தத் தம்பி நன்றாக இருக்கட்டும்.

இரண்டாவது முறை திருச்சியில், 3 டெஸ்லா மெஷினில். அங்கே ரேடியாலஜிஸ்ட்டே பக்கத்தில் நின்றார். கட்டிக்குள் அடங்கும்படி பெட்டியைச் சுருக்கி, எலும்புப் பக்கம் சாட் பேண்ட் போட்டு அங்கிருந்து வரும் கொழுப்புச் சமிக்ஞையை அமுக்கினார். பெட்டி எலும்பைத் தொடாமல் நெருங்கி இருந்தாலே கொழுப்பு உள்ளே வந்துவிடுமாம். கொழுப்பின் அலைவரிசை வேறு என்பதால், திரையில் தெரியும் பெட்டியும் கொழுப்புக்கான பெட்டியும் கொஞ்சம் விலகித்தான் இருக்கும். பெட்டி சிறிதானால் சமிக்ஞையும் குறையும், அதனால் கூடுதல் நேரம் அசையாமல் கிடக்க வேண்டியிருந்தது. எதிர்ப்பக்க நல்ல மூளையிலும் ஒன்று எடுத்தார், ஒப்பிட்டுப் பார்க்க. டி.இ. என்கிற காத்திருப்பு நேரத்தைக் குறைவாக ஒருமுறை, 144 மில்லிசெகண்டில் ஒருமுறை. இரண்டாவதில் லாக்டேட் என்கிற இன்னொரு பொருளின் பீக் தலைகீழாகத் திரும்பும், கொழுப்பு திரும்பாது. இரண்டும் 1.3 அருகில்தான் விழும் என்பதால் பிரித்தறிய இதுதான் வழி.

பழைய பீக் காணாமல் போயிருந்தது. என்.ஏ.ஏ. குறைவு, கோலின் சற்றே கூடுதல், அவ்வளவுதான். மருத்துவர் அளந்துதான் பேசினார்: "கொழுப்பு இல்லைங்கிறதால டி.பி. இல்லைன்னு சொல்ல மாட்டேன். டி.பி.ன்னு சொல்ல இருந்த ஒரே ஆதாரம் போயிடுச்சு." அதோடு எடுத்த மெல்லிய வெட்டுப் படங்களில் வளையத்துக்குள் ஒரு புள்ளி தெரிந்தது. புழுவின் தலை. அதைப் பார்த்த பிறகு சந்தேகம் இல்லை. எம்.ஆர்.எஸ். தனியாக எதையும் முடிவு செய்யாது. படம், ரத்தம், நோயாளி எல்லாவற்றோடும் சேர்த்துத்தான் அதைப் படிக்க வேண்டும்.

ஊரில், "பன்னிக்கறி திங்காத பயலுக்கு எப்படி?" என்று கேட்காதவர் இல்லை. பன்றிக்கறி சரியாக வேகாமல் தின்றால் வருவது குடலில் நாடாப்புழு. மூளைக்குப் போவது, அந்தப் புழு உள்ளவரின் மலத்தில் வரும் முட்டையை விழுங்கினால் அதிலிருந்து வெளிவரும் குஞ்சு. அந்த முட்டை கழுவாத கீரையிலும் தண்ணீரிலும் கையிலும் வரும், சுத்த சைவக்காரருக்கும் வரும். தயவு செய்து இதைச் சொல்லி யாரையும் கூனிக் குறுக வைக்காதீர்கள்.

ஸ்கேனுக்குப் போகிறவர்கள் பணம் கட்டும் முன் கவுன்டரில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியவை: பெட்டி மூன்று கோணத்திலும் தெரியும் படம், எந்த டி.இ. என்று குறித்த கிராஃப், ஸ்பெக்ட்ரோஸ்கோபி தொடரும் சேர்ந்த சி.டி. தட்டு. அந்த சி.டி.யை அங்கேயே ஒரு கம்ப்யூட்டரில் திறந்து காட்டச் சொல்லுங்கள். தர மாட்டோம் என்றால் வேறு இடம் பாருங்கள்.

அல்பெண்டசோல் முடித்து, பிறகு எடுத்த எம்.ஆர்.ஐ.யில் வளையம் பாதிக்கும் கீழே சுருங்கியிருக்கிறது. வலிப்பு மறுபடி வரவில்லை, அதற்கான மாத்திரை மட்டும் தொடர்கிறது. அடுத்த முறை எம்.ஆர்.எஸ். வேண்டாம், சாதாரண ஸ்கேன் போதும் என்று மருத்துவர் சீட்டிலேயே பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்.