மலைக் குளிரில் சால்மன் வறுவல்: உப்பு முதலில், புளிப்பு கடைசியில்

மீன் கடையில் ‘இந்தியன் சால்மன்’ என்று கேட்டால் கிடைப்பது காலா மீன். வெள்ளைச் சதை, நல்ல ருசி, ஆனால் வேறு இனம். இங்கே சொல்வது உறைய வைத்து வருகிற ஆரஞ்சு நிறச் சால்மன். வஞ்சிரத்துக்குப் போல மசாலாவோடு எலுமிச்சையும் பிழிந்து ராத்திரி முழுக்க வைத்தால் கெடுவது இந்த மீன்தான்.

மதுரையில் வாங்கிக் கொடைக்கானல் ஏற மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். தெர்மாகோல் பெட்டியும் ஐஸும் அவசியம். வழியில் இளகிவிட்டால் மறுபடி ஃப்ரீசருக்குள் தள்ளாமல் அன்றைக்கே சமைத்துவிடுங்கள். கல்லாக வந்து சேர்ந்தால் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு ராத்திரி. காற்றை உறிஞ்சி எடுத்துவிட்ட ‘வாக்யூம்’ பொட்டலமென்றால் உறையை முதலில் கத்தரித்துவிட வேண்டும். காற்றில்லாத இடத்தில் நஞ்சு கக்கும் கிருமி ஒன்று உண்டு. ‘இங்கே எல்லாமே ஃப்ரிட்ஜ்தானே’ என்று மேடையில் விட்டு வைக்காதீர்கள். நமக்கு நடுங்கும் 15 டிகிரி, கிருமிக்கு இதமான சூடு.

அரை கிலோவுக்கு, தோலோடு நாலு துண்டு, இரண்டரை சென்டிமீட்டர் கனம். சதையின் மேல் விரலை ஓட்டினால் முள் நுனி நெருடும். சின்ன இடுக்கியால் அது சாய்ந்திருக்கும் திசையிலேயே இழுங்கள். பிறகு 7 கிராம் தூள் உப்பு, அதாவது ஒரு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் கூட. அதை மட்டும் தடவி இருபது நிமிடம் வையுங்கள். மேலே நீர் முத்து முத்தாக அரும்பும். துணியால் ஒற்றி எடுங்கள். இதைச் செய்தால் வேகும்போது பக்கவாட்டில் வெள்ளையாகப் பிதுங்கும் புரதம் குறையும்.

மசாலாவில் இனி உப்பு வேண்டாம். காஷ்மீரி மிளகாய்த்தூள் 2 டீஸ்பூன், மிளகுத்தூள் 1, சோம்புத்தூள் அரை, மஞ்சள் கால், அரிசி மாவு 1, அரை அங்குல இஞ்சி, மலைப்பூண்டு 4 பல். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைப் பூண்டு என்றால் அதற்கு மேல் போடாதீர்கள், காட்டம் மீனை அமுக்கிவிடும். பூண்டை மையாக அரைக்கவும். திப்பி இருந்தால் அதுதான் முதலில் கருகிக் கசக்கும். குழைக்க நல்லெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். இங்குள்ள சமையலறையில் மசாலா மெழுகுக் கட்டியாகத் திரளும், மீனில் ஒட்டாது.

இப்படித் தடவி ஃப்ரிட்ஜில் இரண்டு மணி நேரம். புளிப்பு கடைசிக் கால் மணி நேரத்துக்கு மட்டும். எலுமிச்சை நெடுநேரம் ஊறினால் சதை அடுப்பேறுமுன்பே வெளுத்து, வெந்தபின் சாக்பீஸ் மாதிரி உதிரும். எலுமிச்சையைவிட மரத்தக்காளி என்கிற புளிப்பான மலைப்பழம் எனக்குப் பிடிக்கும். பழுத்தது ஒன்றை வெந்நீரில் போட்டுத் தோலுரித்து, மசித்து வடிகட்டி, இரண்டு மேசைக்கரண்டி பூசினால் போதும்.

கொடையில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுவதால் சோறு வேக நேரமாகும். தோசைக்கல்லுக்கு அந்தத் தொல்லை இல்லை. தொல்லை மீனின் குளிர்ச்சியில். ‘அறைச் சூட்டுக்கு வரட்டும்’ என்ற குறிப்பு இந்த ஊருக்கு ஆகாது, அறையே குளிர். அதனால் தீயைக் குறைத்து நேரத்தைக் கூட்டுவதே வழி. இரும்புக்கல்லை நன்றாகக் காயவிட்டு, இரண்டு டீஸ்பூன் எண்ணெய் ஊற்றித் தீயை நடுத்தரத்துக்கும் கீழே இறக்குங்கள். தோலில் ஒட்டிய மசாலாவை வழித்துவிட்டு, தோல் கீழே இருக்கும்படி வைத்துப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். இல்லாவிட்டால் தோல் சுருண்டு நடுப்பகுதி கல்லைத் தொடாது. பிறகு கை வைக்க வேண்டாம். தோல் மொறுமொறுப்பானால் தானே கல்லை விட்டுவிடும். துண்டின் ஓரத்தைப் பாருங்கள்: ஆரஞ்சு நிறம் கீழிருந்து வெளுத்து ஏறும். முக்கால் உயரம் வர ஆறேழு நிமிடம் ஆகும். அப்போது திருப்பி இன்னும் இரண்டு நிமிடம்.

வெப்பமானி இருந்தால் நடுவில் 63 டிகிரி. 52-இலேயே எடுத்தால் வெண்ணெய் மாதிரி இருக்கும்தான், ஆனால் கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் அப்படிக் கொடுக்கக் கூடாது.

தட்டைச் சோற்றுப்பானை மூடிமேல் வைத்துச் சூடேற்றிக்கொள்ளுங்கள். சில்லென்ற தட்டில் இரண்டே நிமிடத்தில் மீன் ஆறி, எண்ணெய் வாடை தூக்கும். மிஞ்சியதை மைக்ரோவேவில் சுட வைத்தாலும் அதே வாடைதான். உதிர்த்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்து, மறுநாள் ரொட்டிக்குள் வைத்துவிடலாம்.