கச்சான் காத்துலயும் டிம் டங்கன்

போன ஞாயித்துக்கெழம ராமேஸ்வரம் தீவுல தங்கச்சிமடத்துல அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். சாயந்தரம் மருமகன் பாஸ்கெட்பாலத் தூக்கிட்டு ஸ்கூல் கிரவுண்டுக்குக் கிளம்புனான், நானும் கூடப் போனேன். கச்சான் காத்து அடிக்கிற நேரம், கேக்கவே வேணாம். பசங்க எல்லாம் மூணு பாயிண்ட் கோட்டுக்கு வெளிய நின்னு, தூரத்துல இருந்தே போடுறதுல பேர் போன அமெரிக்க ஆட்டக்காரர் ஸ்டீபன் கர்ரி மாதிரி போடுறேன்னு தூக்கித் தூக்கிப் போடுறாங்க, பந்து மேல ஏறுனதும் காத்து தள்ளிட்டுப் போயி வேலிக்கிட்ட போடுது. "டேய், சைடுல வா, போர்டுல அடி, டங்கன் மாதிரி"ன்னேன்.

"டங்கன்னா யாரு மாமா?"

ஆறாப்பு படிக்கிறான். டங்கன் ரிட்டயர் ஆனப்ப நடை பழகிட்டு இருந்திருப்பான், அவனுக்கு எப்படித் தெரியும். ஆனா எனக்கு ராத்திரி தூக்கமே வரல, அதான் இத எழுதுறேன்.

டிம் டங்கன் அமெரிக்காவுல பெரிய பாஸ்கெட்பால் ஆட்டக்காரர், நம்மள மாதிரி ஒரு தீவுக்காரர். கரீபியன் கடல்ல செயின்ட் குரோய்னு ஒரு தீவு, அமெரிக்காவோட விர்ஜின் தீவுகள்ல ஒண்ணு. அப்பா கொத்தனார், அம்மா பிரசவம் பாக்குறவங்க. அவருக்கு முதல்ல பாஸ்கெட்பால் எல்லாம் கெடையாது, நீச்சல்தான். 400 மீட்டர் ஃப்ரீஸ்டைல்ல அவர் வயசுப் பசங்கள்ல அமெரிக்காவுலயே நல்லா நீந்துறவங்கள்ல ஒருத்தர். அக்கா ட்ரிஷியா 1988 சியோல் ஒலிம்பிக்லயே நீந்துனவங்க. 1989 செப்டம்பர்ல ஹியூகோ புயல் வந்து தீவுல இருந்த ஒரே ஒலிம்பிக் சைஸ் நீச்சல் குளத்த நாசம் பண்ணிருச்சு. கடல்ல பயிற்சி பண்ணலாம்னாங்க, இவருக்குச் சுறான்னா பயம். அதோட நீச்சல் நின்னு போச்சு. அடுத்த வருஷம் ஏப்ரல்ல அம்மா மார்பகப் புற்றுநோய்ல போயிட்டாங்க, மறுநாள் இவருக்கு 14வது பிறந்தநாள்.

இத மொத மொத படிச்சப்ப எனக்கு எங்க அப்பத்தா ஞாபகம்தான் வந்துச்சு. அப்பத்தா தனுஷ்கோடிக்காரங்க. 1964 டிசம்பர் புயலுக்கு முன்னாடி நடந்தத எல்லாம் "அங்க இருந்தப்ப"ன்னும், பின்னாடி நடந்தத "இங்க வந்தப்புறம்"னும்தான் சொல்லுவாங்க, அவங்களுக்கு வருஷக் கணக்கே அதான். புயலுக்கு முந்தின மனுஷன் வேற, பிந்தின மனுஷன் வேறன்னு நம்ம கரைல எல்லா வீட்லயும் ஒருத்தராவது இருப்பாங்க. டங்கனும் எனக்கு அப்படி ஒரு ஆளு.

டங்கனோட இன்னொரு அக்கா புருஷன், நம்ம பேச்சுல மச்சான், அவர்தான் ஒம்பதாப்பு படிக்கிறப்ப பாஸ்கெட்பால் சொல்லிக்குடுத்தாரு. அப்புறம் வேக் ஃபாரஸ்ட் யுனிவர்சிட்டி. பாதில விட்டுட்டு அமெரிக்காவோட பெரிய பாஸ்கெட்பால் லீக் என்பிஏவுக்குப் போயிருந்தா கோடிக்கணக்குல பணம், போகல. அம்மாவுக்குப் படிச்சு முடிக்கிறேன்னு குடுத்த வாக்கு, அதனால நாலு வருஷமும் இருந்து சைக்காலஜில டிகிரி வாங்கிட்டுத்தான் 1997ல டிராஃப்ட்ல, அதான் டீம்கள் புது ஆளுங்கள எடுக்குறதுல, மொத ஆளாப் போனாரு. எடுத்த டீம் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ். அதே டீம்ல 19 சீசன், அஞ்சு சாம்பியன்ஷிப், 1999, 2003, 2005, 2007, 2014. ரெண்டு தடவ எம்விபி, அதான் சீசனோட சிறந்த ஆட்டக்காரர். 2003 ஃபைனல்ஸ் கடைசி மேட்ச்ல 21 பாயிண்ட், 20 ரீபவுண்ட் (விழாம திரும்புற பந்தப் புடிக்கிறது), 10 அசிஸ்ட் (அடுத்தவன் கூடைல போடப் பாஸ் குடுக்குறது), 8 பிளாக் (எதிராளி போடுற பந்தத் தட்டித் தடுக்குறது), இப்ப எழுதுறப்பவும் புல்லரிக்குது.

ஆனா நான் அவர்கிட்ட எடுத்துக்கிட்டது போர்டு ஷாட்தான். எங்க கோர்ட்ல ஒரு மாசம் கச்சான், இன்னொரு மாசம் வாடை, நேரா ரிங்கப் பாத்துப் போட்டா பந்து எங்க போகும்னு சொல்ல முடியாது. டங்கன் என்ன பண்ணுவாருன்னா ரிங்குக்குச் சாய்வா நிப்பாரு, பந்த கைல வச்சு ஒரு நொடி சும்மா பாப்பாரு, ரிங்குக்குப் பின்னாடி போர்டுல போட்டிருக்க கட்டத்தோட மேல் மூலைல தட்டி உள்ள விடுவாரு. பந்து ரொம்ப மேல போகாது, அதனால காத்துக்கு அகப்படாது. அவர் ஏசி ஸ்டேடியத்துல ஆடுனாரு, அவருக்குக் காத்து ஒரு பிரச்சனையே இல்ல, ஆனா எங்களுக்காகவே கண்டுபிடிச்ச ஷாட் மாதிரி இருந்துச்சு. எங்க போர்டுல கட்டம் உப்புல அழிஞ்சு போயி கெடந்துச்சு, படகுக்கு அடிச்ச மிச்ச பெயிண்ட்ட கொண்டு போயி நான்தான் நீலத்துல கட்டம் போட்டேன். அந்த மூலைல எத்தன ஆயிரம் தடவ அடிச்சிருப்பேனோ, பெயிண்ட் அங்க மட்டும் மொதல்ல பேந்து போச்சு.

2013 ஃபைனல்ஸ், மியாமி டீமோட ஏழாவது மேட்ச், அதான் கடைசி, நம்ம டைமுக்குக் காலைல ஆறரை மணிக்கு ஆரம்பம். நான் காபியக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். மியாமி ரெண்டு பாயிண்ட் முன்னாடி, ஒரு நிமிஷங்கூட மிச்சமில்ல. டங்கன் ரிங்குக்குப் பக்கத்துல, அவரத் தடுக்க நிக்கிறது அவரவிட உயரம் கம்மியான மியாமி ஆளு பேட்டியர். தூங்கிட்டுப் போட்டாலும் போடுற ஷாட்டு. விழல. அவரே எகிறி மறுபடி தட்டி விட்டாரு, அதுவும் விழல, கப்பு மியாமிக்குப் போச்சு. திரும்பி ஓடிப்போயி குனிஞ்சு ரெண்டு கையாலயும் தரைய அடிச்சாரு பாருங்க, பத்து வருஷத்துக்கு மேல பாத்த மூஞ்சி, சிரிச்சும் பெருசா பாத்ததில்ல அழுதும் பாத்ததில்ல, அன்னைக்கு அந்த அடில எல்லாம் தெரிஞ்சுச்சு. காபி ஆறிப் போச்சு, அம்மா வந்து யாருக்கு என்னாச்சுன்னு கேட்டாங்க, நான் பதில் சொல்லல.

மறு வருஷம் அதே மியாமி. ஃபைனல்ஸுக்கு வந்ததும் இந்தத் தடவ முடிச்சுருவோம்னு சொன்னாரு, இவர் வாயில இருந்து இப்படி ஒரு பேச்சா இருந்துச்சு எனக்கு. 4-1ன்னு ஸ்பர்ஸ் ஜெயிச்சுச்சு. அப்ப அவருக்கு 38 வயசு.

2016ல இன்னொரு பெரிய ஆட்டக்காரர் கோபி பிரையன்ட் ரிட்டயர் ஆனப்ப ஊர் ஊரா வழியனுப்பு விழா நடந்து கடைசி மேட்ச்ல 60 பாயிண்ட் போட்டுட்டுப் போனாரு, அது அவருக்கு அழகு. டங்கன் அதே வருஷம் ஜூலை 11ஆம் தேதி டீம் விட்ட ஒரு அறிக்கையோட முடிச்சுக்கிட்டாரு. 26,496 பாயிண்ட், 15,091 ரீபவுண்ட், ஒரு பிரஸ் மீட் கூட வைக்கல. எனக்கு அன்னைக்கு கோவம்தான் வந்துச்சு, சொல்லிட்டுப் போகக் கூடாதான்னு. இப்ப கோவம் இல்ல.

இதெல்லாம் மருமகனுக்குச் சொன்னேன், பாதி கேட்டான். சுறாவுக்குப் பயந்தாருன்னதும் மட்டும் ரொம்பப் பிடிச்சுப் போச்சு, "நம்ம தாத்தாவே பயப்படமாட்டாரே மாமா"ன்னான். ரிங்ல வலை இல்ல, வெறும் துருப்பிடிச்ச கம்பிதான், பந்து உள்ள போச்சா வெளிய போச்சான்னு பசங்க சண்டை போட்டுக்கிறாங்க. எங்க காலத்துல சித்தப்பாதான் நைலான் நூல்ல வலை பின்னித் தந்தாரு. இப்பவும் ஊசியும் நூலும் வச்சிருக்காரு. இந்த ஞாயிறு பூசை முடிஞ்சு வந்து பின்னித் தர்றேன்னிருக்காரு, பெயிண்ட் நான் வாங்கிட்டேன், நீலமே.