மரப்பு ஊசியும் தாய்ப்பாலும்

ஜூலை 30, திருவையாறு

கர்ப்பத்தின்போதே கூசத் தொடங்கிய வலப்பக்கக் கடைவாய்ப்பல்லை, பிள்ளை பிறக்கட்டும் என்று தள்ளிவைத்ததன் பலனை இரண்டு இரவுகளாக அனுபவிக்கிறேன். தஞ்சாவூர்ப் பல் மருத்துவர், மரப்பு ஊசி போட்டு வேர் சிகிச்சை செய்ய வேண்டும் என்றார். பாப்பாவுக்கு நான்கு மாதம், தாய்ப்பால் மட்டுமே. “ஊசி போட்ட அன்னிக்குப் பூராப் பாலையும் பீய்ச்சிக் கீழ ஊத்திடணும்டி” என்று அப்பாயி தீர்ப்புச் சொல்லிவிட்டார். பூண்டுக் குழம்பும் பால்சுறாவும் கொடுத்து ஊறவைத்த பாலை வாழைக்கொல்லையில் ஊற்ற அவருக்கே மனம் வராது என்பது வேறு விஷயம்.

ஆகஸ்ட் 1

ஊசிக்கு முன் மருத்துவரிடம் கேட்டேன். மருந்தின் பெயர் லிக்னோகெய்ன். 2 சதவீதக் கரைசலில் 2 மில்லி, அதாவது 40 மில்லிகிராம். போட்ட இடத்திலேயே பெரும்பகுதி தங்கி மெதுவாகத்தான் இரத்தத்தில் கலக்கிறது; அதிலும் சிறு பங்கே பாலுக்கு வருகிறது; அதைக் குழந்தை குடித்தாலும், குடல்வழிச் செல்லும் மருந்தில் பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடுகிறது. மரப்பு நீடிக்க உடன் சேர்க்கும் அட்ரினலினோ குடலிலேயே அழிந்துவிடும்.

வீட்டுக்கு வந்து தேடினேன். 3.6 முதல் 7.2 மில்லி வரை ஊசி பெற்ற ஏழு தாய்மாரின் பாலைச் சோதித்த 2001ஆம் ஆண்டு ஆய்வில், மூன்று மணி நேரம் கழித்து லிட்டருக்குச் சுமார் 120 மைக்ரோகிராம்தான் இருந்ததாம். பாப்பா 100 மில்லி குடித்தால் 12 மைக்ரோகிராம்: எனக்குப் போட்டதில் மூவாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

நாற்காலியில் ஏறுமுன் ஒருமுறை கொடுத்தேன். வீடு திரும்பியதும் மறுபடி. பால் குடிக்கையில் அவள் நெற்றியில் முத்தமிட்டேன்; உதட்டில் பாதிக்கு அது தெரியவேயில்லை.

வலி மாத்திரையைப் பற்றித்தான் உண்மையில் கவலைப்பட்டிருக்க வேண்டும். கோடீன், டிராமடால் போன்றவை பாலூட்டும் தாய்க்கு ஆகாது. குழந்தைக்கு அளவுமீறிய தூக்கமும் மூச்சுத்தளர்ச்சியும் வரக்கூடும். பாலூட்டுவதைச் சொன்னதால் எனக்குப் பாராசிட்டமால் மட்டும் எழுதினார்.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

பாப்பா வழக்கம்போலவே குடிக்கிறாள், தூங்குகிறாள். ஒரு சொட்டும் கீழே ஊற்றவில்லை. புஷ்ய மண்டபத் துறையில் படைத்த காப்பரிசியை நீட்டியபடி, “எந்தப் பக்கம் மெல்லலாம்னு டாக்டரைக் கேட்டியா?” என்றார் அப்பாயி. இடப்பக்கம்தான் என்றேன்.