சென்ட்ரலுக்குப் பக்கத்தில் புலி உறுமிய காலம்

சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இறங்கி ரிப்பன் மாளிகைப் பக்கம் நடப்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், அந்த வட்டாரமே ஒரு காலத்தில் 116 ஏக்கர் பூங்கா என்று? குளங்கள், பாண்டு வாத்திய மேடை, ஒரு கோடியில் மிருகக்காட்சிசாலை. கவர்னர் சார்லஸ் டிரெவெலியன் காலத்தில் உருவான பீப்பிள்ஸ் பார்க் அது.

மிருகங்கள் வந்த கதைதான் சுவாரசியம். எழும்பூர் அருங்காட்சியகத்தை நிர்வகித்துக்கொண்டிருந்தவர் டாக்டர் எட்வர்ட் பால்ஃபர். வளாகத்தில் உயிரோடு ஒரு சிறுத்தையும் புலியும் இருந்ததுதான் தாமதம், ஆயிரக்கணக்கில் கூட்டம்! மனிதர் சும்மா இருப்பாரா? கர்நாடக நவாபிடம் (ஆற்காட்டு நவாப்தான்) பேசி, அவர் வளர்த்த விலங்குகள் அத்தனையையும் வாங்கிவிட்டார். 1855இல் மிருகக்காட்சிசாலை பிறந்தது. ஓராண்டில் 300 உயிரினங்களுக்கு மேல். நவாபை எப்படிச் சம்மதிக்க வைத்தாரோ, அந்தச் சாமர்த்தியம் எனக்கு வராது. 1863இல் அது நகராட்சியின் கைக்கு மாறி, பூங்காவுக்கு வந்தது. அனுமதி இலவசம். நம் ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் உயிர் காலேஜ். அருங்காட்சியகம் செத்த காலேஜ்.

1886 கடைசியில் பூங்காவில் நடந்த கண்காட்சியில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். இவ்வளவு பெரிய துயரம் ஊர் நினைவிலேயே இல்லாமல் போனது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

பிறகு விக்டோரியா ஹால், மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை, விளையாட்டரங்கம் என்று ஆளாளுக்கு ஒரு துண்டு கேட்டார்கள், பூங்கா கரைந்தது. மிருகங்கள் 1985இல் வண்டலூருக்குப் போய்விட்டன. மூர் மார்க்கெட் தீக்கிரையானதும் அதே ஆண்டுதான்.