தாம் த க தாம் தாம்

ரெண்டு வாரமா ஒரு இசை மண்டைக்குள்ளயே ஓடிட்டு இருந்துச்சு, நேத்துதான் அதுக்கு பேர் கிடைச்சுது, அந்த சந்தோஷத்துலதான் எழுதுறேன்.

தி கிங்ஸ் ஸ்பீச் (2010) பார்த்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும், கடைசியில ஆறாம் ஜார்ஜ் மன்னர் 1939ல ரேடியோவுல போர் வந்துருச்சுன்னு பேசுற சீன். திக்கிப் பேசுற மனுஷன், எதிர்ல மைக், வார்த்தை ஒண்ணொண்ணா வருது, பின்னாடி ஒரு இசை அவர் கூடவே மெதுவா நடந்து வருது. படத்துக்கு மியூசிக் அலெக்சாண்டர் டெஸ்ப்ளா, அதனால அவரோடதுதான்னு முடிவு பண்ணி அவர் இசையா தேடித்தேடி கேட்டேன், ம்ஹூம்.

பாட்ட கேட்டு பேர் சொல்ற ஷஸாம் ஆப்ப வச்சுப் பார்த்தேன், மேல பேச்சு ஓடுறதால சிக்கல. அது ரெக்கார்டிங்கத்தான் ஒப்பிடும், மெட்ட இல்ல. சரின்னு கூகுள்ல முணுமுணுத்து தேடுனேன், அதுவும் கைவிரிச்சிருச்சு. இந்த மெட்டு ஆரம்பத்துல ஏறவும் இல்ல இறங்கவும் இல்ல, ஒரே ஸ்வரத்துல திரும்பத் திரும்ப நிக்குது, அப்புறம் எத வச்சு கண்டுபிடிக்கும்? ஆனா தாளம் மட்டும் எனக்கு அச்சு மாதிரி பதிஞ்சிருந்துச்சு. ஒரு நெடில், ரெண்டு குறில், ரெண்டு நெடில். அத அப்படியே நீளம், குட்டை, குட்டை, நீளம், நீளம்னு டைப் பண்ணி தேடுனேன், வந்து நின்னார் பீத்தோவன்! ஏழாவது சிம்பொனி, அதுல ரெண்டாவது மூவ்மெண்ட், அதாவது ரெண்டாவது பகுதி, அலெக்ரெட்டோன்னு சொல்வாங்க.

முழுசா கேட்டப்போதான் தெரியுது எவ்ளோ அழகுன்னு. முதல்ல காற்றுக்கருவிங்க ஒரே ஒரு கார்ட் (chord, பல ஸ்வரம் ஒண்ணா சேர்ந்து ஒலிக்கிறது), அது தேஞ்சு அடங்குது, அப்புறம் வயலினோட பெரிய உறவுக்காரங்களான வயோலா, செல்லோ, டபுள் பேஸ் மட்டும் அடிக்குரல்ல அந்த தாளத்த ஆரம்பிக்குது. அடுத்த சுத்துல ரெண்டாவது வயலின் குழு அத வாங்கிக்குது, அப்ப வயோலாவும் செல்லோவும் சும்மா இல்லாம புதுசா நீளமா ஒரு மெட்ட கூட இழைக்குது பாருங்க, அந்த இடத்துல எனக்கு தொண்டை அடைச்சிருச்சு. 1813 டிசம்பர்ல வியன்னாவுல, போர்ல காயம்பட்ட சிப்பாய்களுக்கு நிதி திரட்ட நடந்த கச்சேரியில முதல்முதலா வாசிச்சிருக்காங்க, காது மந்தமாயிட்டே வந்த பீத்தோவனே நின்னு நடத்தியிருக்கார், கூட்டம் இந்த மூவ்மெண்ட மட்டும் திரும்ப வாசிக்கச் சொல்லி கேட்டுச்சாம். கேக்காம எப்படி இருப்பாங்க!

கடைசியில, ஆரம்பத்துல வந்த அதே கார்ட் திரும்ப வந்துதான் முடியுது. ஹெட்போன் போட்டு கேளுங்க, அந்த முதல் கார்ட் தேயுறத மிஸ் பண்ணிராதீங்க.