வருடப்பிறப்பு மரதன்: புவக்பிட்டியப் பக்கம் ஒரு நாள்

சித்திரை பிறந்த கிழமையில் கொழும்பு வெறிச்சோடிவிடும். ஊர் இருப்பவர்கள் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹட்டன் என்று புறப்பட்டுவிடுவார்கள். வெள்ளவத்தையில் பாதிக் கடைகள் பூட்டிக் கிடக்கும். மிஞ்சியிருக்கும் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு மருத்துநீர் வைத்து முழுகி, கோயிலுக்குப் போய், பெரியவர்களிடம் கைவிசேடம் வாங்கி, பின்னேரம் காலிமுகத்திடலில் இறால் வடை சாப்பிட்டால் வருடப்பிறப்பு முடிந்தது. ஆனால் கொழும்பு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்துக் கிராமங்களில் அதற்குப் பிறகுதான் விழாவே சூடுபிடிக்கிறது. ஏப்ரல் கடைசி வரைக்கும் ஒவ்வொரு சனி, ஞாயிறும் ஏதாவது ஓர் ஊரில் புத்தாண்டு விளையாட்டுப் போட்டி நடக்கும்.

நகரத்திலும் இது நடக்கிறதுதான். அலுவலகங்கள் ஹோட்டல் புல்வெளியில் பணிஸ் தின்னும் போட்டியும் தேசிக்காய் ஓட்டமும் வைக்கின்றன. அங்கே இல்லாமல் போவது மரதன். வீதியை மறிக்க வேண்டும், விடியற்காலையில் சனம் வரவேண்டும், வழிநெடுகத் தண்ணீர் கொடுக்க ஆட்கள் வேண்டும். ஊர் இல்லாமல் அதைச் செய்ய முடியாது. ஓட்டம் இல்லாத புத்தாண்டு விழா என்னைப் பொறுத்தவரை பாதி விழாதான். அந்த மறுபாதியைப் பார்க்கத்தான் அவிசாவளைக்குக் கிட்ட இருக்கும் புவக்பிட்டியப் பக்கம் போனேன்.

என்னோடு வேலை செய்யும் அண்ணா ஒருவரின் வீடு அங்கே, இறப்பர்த் தோட்டமும் சிங்களக் கிராமமும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் இருக்கிறது. "மரதன் ஆறு மணிக்கே தொடங்கிரும் தம்பி. அன்னைக்குக் காலையில வெளிக்கிட்டா பிடிக்க ஏலாது, முதல் நாளே வந்து தங்கிருங்க" என்று சொல்லியிருந்தார். நுகேகொடையில் 122ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் ஹைலெவல் வீதியால் மகரகம, ஹோமாகம, கொஸ்கம என்று நேரே கொண்டுபோய் விடும். நேரம் இருப்பவர்கள் களனிப் பள்ளத்தாக்கு ரயிலில் போகலாம். 2 அடி 6 அங்குல அகலப் பாதையில் சின்ன ரயில் ஓடிய காலத்து வளைவுகள் இன்னும் இருக்கின்றன. அதனால் ரயில் ஆறுதலாகத்தான் போகும். வீட்டு முற்றங்களையும் கிணற்றடிகளையும் உரசிக்கொண்டு போவது போலிருக்கும்.

நான் பஸ்ஸில்தான் போனேன். ஹோமாகம தாண்டியதும் வெளிச்சமே மாறிவிட்டது. வருடத் தொடக்கத்தில் இலை கொட்டி நின்ற இறப்பர் மரங்கள் ஏப்ரலில் புது இலை விட்டிருக்கும். வெயில் அந்த இளம்பச்சைக்கு ஊடாக வந்து விழும். இந்தப் பருவத்தில் அந்த வீதியால் போவதே ஒரு பயணத்துக்குப் போதும்.

இரவு மைதானத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது. மைதானம் என்றாலும் அது வயல்தான். பெரும்போக அறுவடை மார்ச்சோடு முடிந்து, சிறுபோகத்துக்குத் தண்ணீர் கட்டும் வரை நிலம் காய்ந்து கிடக்கும். விளையாட்டு விழாவுக்கு நிலம் கிடைப்பது அந்த இடைவெளியில்தான். பெடியன்கள் சுண்ணாம்பால் ஓட்டக் கோடு போட்டார்கள். பெண்கள் தென்னங்குருத்தில் தோரணம் பின்னினார்கள். ஒரு பக்கத்தில் தோலுரித்த நீளமான கமுக மரம் ஒன்றை நான்கு பேர் கிடத்தி வைத்து, கராஜிலிருந்து கொண்டுவந்த கிறீஸைக் கையால் அள்ளிப் பூசிக்கொண்டிருந்தார்கள்.

காலை ஐந்தரைக்கே விகாரைச் சந்தியில் சனம் கூடிவிட்டது. ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கையின் உச்சிக்கு மேலாக நகர்ந்து போகும். அதை அடுத்த நாட்களிலும் எட்டு மணி வெயிலே தலையைச் சுடும் என்பதால்தான் இத்தனை வெள்ளனத் தொடக்கம். பெயர் மரதன் என்றாலும் தூரம் ஏழு கிலோமீற்றர் அளவு. கிராம வீதியால் போய், தோட்டத்துக் கிறவல் பாதையில் ஏறி, மேட்டிலுள்ள மாரியம்மன் கோயிலைச் சுற்றி, இறங்கி, வரம்போரமாக வயலுக்கு வரவேண்டும். கோயிலடியில் ஓடுபவரின் மணிக்கட்டில் ஒரு நிற நாடா கட்டிவிடுவார்கள். நாடா இல்லாமல் முதலாவதாக வந்தாலும் இடம் கிடையாது.

நாடா கட்டும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் இருக்கிறது. அண்ணாவின் அம்மாவோடு நான் அங்கேதான் நின்றேன். அம்மா இதே தோட்டத்தில் பால் வெட்டி வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஒரு வாளியில் தேசிக்காய்த் தண்ணீரும் இன்னொன்றில் ஜீவனி என்ற உப்புச்சீனித் தூளும் கரைத்து வைத்திருந்தார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் இருட்டிலேயே மலையேறிவிடுவார்களாம். "இந்த ஏத்தத்துல பால் வாளியோட ஏறி இறங்கின காலு தம்பி. எங்க பிள்ளைகளுக்கு இந்த ரோட்டுல எங்க கல்லு இருக்கு, எங்க வழுக்கும்னு தெரியும்" என்றார்.

முதலில் மோட்டார் சைக்கிள் சத்தம் வந்தது. அதன் பின்னால் இரண்டு பேர் மட்டும். முன்னால் வந்தவர் கிராமத்து முச்சக்கர வண்டிக்காரர். காலில் நல்ல சப்பாத்து, கையில் கடிகாரம், அளந்து வைத்த மூச்சு. அவருக்குப் பின்னால் தோட்டத்து இளைஞன் ஒருவன், வெறுங்கால், முழங்காலுக்கு மேல் மடித்துவிட்ட காற்சட்டை. இருவரும் நாடாவுக்குக் கையை நீட்டியபடியே வந்தார்கள். தண்ணீரை வாங்கியவர்கள் குடிக்கவில்லை, தலையில் கவிழ்த்துக்கொண்டு திரும்பினார்கள். "துவப்பன் மல்லி, துவப்பன்!" (ஓடு தம்பி, ஓடு!) என்று சிங்களத்தில் ஒரு பக்கமும் "விடாத, விடாதடா!" என்று மற்றப் பக்கமும் ஒரே நேரத்தில் சத்தம். இறக்கத்தில் வெறுங்காலன் நெருங்கிவிட்டான். ஆனால் வயல்வெளிக்கு வந்ததும் சப்பாத்துக்காரர் பிரிந்து போய்விட்டார் என்று பிறகு சொன்னார்கள்.

எனக்குப் பிடித்தது பெண்களின் ஓட்டம். பாடசாலைப் பிள்ளைகள் இரண்டு பேர் சிட்டாகப் பறந்து போன பிறகு, முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் தனியாக வந்தார். ரப்பர்ச் செருப்பு ஏற்றத்தில் கழன்று கழன்று விழுந்து அவரை மறித்துக்கொண்டிருந்தது. நாடாவைக் கட்டிக்கொண்டே, "எத்தனை பேர் போயிட்டாங்க?" என்று கேட்டார். "ரெண்டு பேர்" என்றேன். இரண்டு செருப்பையும் கழற்றிக் குழாயடியில் வைத்தார். "பாத்துக்கங்க பெரியம்மா" என்று அம்மாவிடம் சொன்னார். நாடா கட்டிய கையால் பாவாடையை ஒரு பிடி தூக்கிச் செருகிக்கொண்டு இறக்கத்தில் ஓடத் தொடங்கினார். கிறவல் கற்கள் அவரின் காலுக்குக் கீழே சிதறிப் போவதை நின்ற இடத்திலிருந்தே கேட்கலாம். அவர் இரண்டாவதாக வந்தார். செருப்பைத் தேடி அம்மாவிடம் வரும்போது கையில் ஒரு ரைஸ் குக்கர் பெட்டி இருந்தது.

கடைசியாக வந்தவர் அறுபதைக் கடந்த ஒரு ஐயா. கொஞ்சம் ஓடுவார், கொஞ்சம் நடப்பார். அவருக்குப் பின்னால் இன்னொரு மோட்டார் சைக்கிள் ஊர்ந்து வந்தது. யாரும் அவரை ஏறச் சொல்லவில்லை. அவர் வயலுக்கு வந்து கோட்டைத் தாண்டும் வரை அடுத்த போட்டியை அறிவிக்கவும் இல்லை. கொழும்பில் எத்தனையோ ஓட்டங்களைப் பார்த்திருக்கிறேன். கடைசி ஆளுக்காக ஒரு ஊரே காத்து நின்று கைதட்டியதை அங்கேதான் பார்த்தேன். இந்த விழாவைப் பற்றி எழுதவேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

பாற்சோறும் கொக்கிஸும் கட்டச்சம்பலும் சாப்பிட்டுவிட்டு வர, வயலில் விளையாட்டு தொடங்கிவிட்டது. ஒலிபெருக்கி ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவரின் கையில். இரண்டு மொழியிலும் தடங்கலில்லாமல் பேசினார். போட்டிகளுக்கு இடையில் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டு பிஸ்கட் பக்கெட் கொடுத்தார். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடைதாண்டலில் வெள்ளி வென்றவர் யார் என்றதும் டங்கன் வைட் என்று நிறையக் குரல்கள் வந்தன. 2000 சிட்னியில் 200 மீற்றர் ஓடிய சுசந்திகாவைத் தெரியாதவர் யார்? ஆசிய விளையாட்டு விழாவில் நாட்டுக்கு முதல் தங்கம் எடுத்தவர் யார் என்றபோதுதான் வயல் அமைதியானது. 1958இல் டோக்கியோவில் உயரம் பாய்தலில் தங்கம் வென்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், யாழ்ப்பாணத்துக்காரர் என்று அவரே சிங்களத்திலும் தமிழிலும் சொன்னார். தோட்டத்துப் பிள்ளைகள் அந்தப் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார்கள். எங்கள் வீடுகளில் இந்தப் பெயர்கள் புழங்க வேண்டாமா?

சாக்கோட்டம், யானைக்குக் கண் வைத்தல், கண்ணைக் கட்டி முட்டி உடைத்தல், பணிஸ், யோகட் ஊட்டுதல் எல்லாம் எல்லோரும் அறிந்தவைதான். சிரிப்புக்குக் குறைவில்லை. ஆனால் எல்லோரும் காத்திருந்தது வழுக்குமரத்துக்கு.

அதைக் கிட்ட நின்று பார்த்தால்தான் அதிலிருக்கும் கணக்கு விளங்கும். சீட்டுக் குலுக்கி வரிசை போடுகிறார்கள். முதலில் ஏறும் குழுவுக்கு உச்சியைத் தொட வாய்ப்பே இல்லை. அவர்கள் செய்வதெல்லாம் கீழ்ப்பகுதிக் கிறீஸைத் தங்கள் உடம்பால் துடைத்துவிடுவது. அடுத்த குழு இன்னும் கொஞ்சம் மேலே துடைக்கும். அடியில் தடித்த ஆட்கள் மூவர் மரத்தைக் கட்டிப்பிடித்துத் தோள் கொடுப்பார்கள். அவர்களின் தோளில் இருவர், அதற்கு மேல் ஒருவர். உச்சிக்குப் போகிறவன் மெலிந்த பெடியனாக இருப்பான். இடுப்பில் ஒரு சாக்குத் துண்டு, காற்சட்டைப் பையில் சாம்பல். துடைத்த இடத்தில் சாம்பலை அப்பி ஒரு முழம் ஏறவேண்டும். கீழே நிற்பவனின் காது, கழுத்து, கண் எல்லாம் கறுப்பு. மேலே இருப்பவன் வழுக்கினால் கோபுரம் முழுவதும் சேர்ந்து இறங்கும்.

நாலைந்து தடவை அப்படி இறங்கியது. பிறகு குழுக்கள் கலந்துவிட்டன. கிராமத்துக் குழுவின் தடித்த ஆட்கள் அடியில், தோட்டத்துப் பெடியன் உச்சியில். கொடியைப் பிடுங்கியபோது அவன் கையில் கிறீஸ் இல்லாத இடம் ஒன்றுகூட இல்லை. உச்சியில் கட்டியிருந்த பணத்தை எல்லாக் குழுக்களுக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். முதலில் துடைத்துவிட்டுத் தோற்றவர்களுக்கும் பங்கு கிடைத்தது.

பெண்களுக்குக் கயிறிழுத்தலும் தேங்காய் துருவுதலும் கிடுகு பின்னுதலும் இருந்தன. கிடுகுப் போட்டிக்கு வந்தவர்களில் பாதிப் பேர் பாட்டிமார். பாதி ஓலையை மடித்துக் கால் பெருவிரலால் மிதித்துக்கொண்டு, பார்வை வேறெங்கோ இருக்க, விரல்கள் தானாகப் பின்னின. அவர்களைப் பார்த்தபோது முல்லைத்தீவு அகிலத்திருநாயகி அம்மாவை நினைத்தேன். எழுபது வயதைத் தாண்டிய பிறகு, 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் தடகளப் போட்டிக்குப் போய்த் தங்கப் பதக்கங்களோடு திரும்பியவர். வயது போனவர்களைக் கதிரையில் இருத்திவைத்து மரியாதை செய்வது எங்கள் வழக்கம். அவர்களுக்கும் ஒரு போட்டி வைத்துப் பெயர் கூப்பிடுவது அதைவிடப் பெரிய மரியாதை என்றே நினைக்கிறேன்.

போர்த்தேங்காய் இந்த விழாவில் இருக்கவில்லை. ஒரு தேங்காயால் மற்றத் தேங்காயை அடித்து உடைக்கும் போட்டி அது. யாழ்ப்பாணத்தில் வருடப்பிறப்பென்றால் போர்த்தேங்காய் அடிப்பதைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சிங்களக் கிராமங்களிலும் அதே விளையாட்டு, அவர்கள் பத்தினி தெய்வம் என்று கும்பிடும் கண்ணகியின் பெயரால் உண்டு. இரண்டு கட்சிகள் கொம்புகளைக் கொளுவி இழுக்கும் விளையாட்டும் அப்படித்தான்: மட்டக்களப்பில் கண்ணகி அம்மனுக்கு நடக்கும் கொம்பு விளையாட்டுக்கும் தெற்கில் நடக்கும் அங்கெலியவுக்கும் அதே உறவு. அறிவிப்பாளர் ஐயாவிடம் இதைச் சொன்னேன். அடுத்த வருடம் போர்த்தேங்காயைச் சேர்க்கக் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். வைரமான தேங்காய் தேடிக் கொண்டுவருவது என் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறேன்.

மூன்று மணிக்கு மேல் அவிசாவளைப் பக்கம் கறுத்து இடி முழங்கத் தொடங்கியது. ஏப்ரலில் இது வழமைதான். பரிசளிப்பை விகாரையின் தர்மசாலைக்குள் மாற்றினார்கள். சங்கீதக் கதிரையின் இறுதிச் சுற்றை மழைக்குள்ளேயே நடத்தி முடித்தார்கள்.

போக விரும்புகிறவர்கள் ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஹைலெவல் வீதியோரம் கட்டியிருக்கும் பதாகைகளைக் கவனியுங்கள். திகதியும் இடமும் அதிலேயே இருக்கும். பெரும்பாலும் சிங்களத்தில்தான் எழுதியிருப்பார்கள், கடையில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. வெளியூர்க்காரர்கள் மரதனில் ஓடலாமா என்பதை மட்டும் முன்கூட்டிக் கேளுங்கள், சில ஊர்களில் திறந்த போட்டி, சில ஊர்களில் ஊரவர்க்கு மட்டும். தொப்பி, குடை இரண்டும் வேண்டும். பிள்ளைகளுக்கு மாற்றுடை கட்டாயம். கோயிலடி ஏற்றத்தில் நின்று பார்க்கப் போகிறவர்கள் கையோடு ஒரு வாளியும் கொஞ்சம் தேசிக்காயும் கொண்டுபோங்கள். தண்ணீர் குழாயிலேயே வருகிறது.