கத்திரி வெயிலில் கோடியக்கரை

கோடியக்கரைக்குப் போகிறோம் என்றால், "மார்கழியில் போனாலாவது பூநாரை பார்க்கலாம், கத்திரி வெயிலில் அங்கே என்ன இருக்கிறது?" என்றுதான் எங்கள் ஊரில் கேட்பார்கள். சென்ற மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் மைத்துனரும் என் மகளும் மன்னார்குடியிலிருந்து விடியற்காலை ஐந்து மணிக்குக் காரில் கிளம்பியபோது அம்மாவும் அதையே கேட்டார். கோடையில் அங்குள்ள கடலோரக் காடு எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

திருத்துறைப்பூண்டி வரை இருபுறமும் உளுந்து எடுத்த வயல்கள் வெடித்துக் கிடந்தன. மேட்டூரில் தண்ணீர் திறக்க ஜூன் 12 என்பது கணக்கு; அதுவரை வாய்க்கால்களில் மணல்தான். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஆடு மேய்த்து வந்த கீதாரிகள் ஒரு வயலில் ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள்.

வேதாரண்யம் தாண்டி அகஸ்தியன்பள்ளி உப்பளங்களை அடைவதற்குள் வெயில் ஏறிவிட்டது. விவசாயி அஞ்சும் இதே வெயில்தான் உப்பளத் தொழிலாளிக்குப் பிழைப்பு. 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து ராஜாஜியும் தொண்டர்களும் நடந்தே வந்து உப்பு அள்ளிய மண் அது. காருக்குள் இருந்தே எங்களுக்கு நாக்கு வறண்டது என்பதால், அந்த நடையை அன்றுதான் உள்ளபடி உணர்ந்தேன்.

1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்தக் காடு வறண்ட பசுமைமாறாக் காடு. வெளியே எல்லாம் காய்ந்திருக்க, உள்ளே பாலை மரங்கள் கரும்பச்சையாக நிற்கின்றன. 2018 நவம்பரில் அடித்த கஜா புயலில் சாய்ந்த மரங்கள் சில, படுத்த நிலையிலேயே துளிர்த்து நிழல் தருகின்றன. அப்படி ஒரு மரத்தடியில் உதிர்ந்து கிடந்த மஞ்சள் பழங்களைக் காட்டி, "ஒன்று மட்டும் தின்று பார் பாப்பா, மற்றது குருவிக்கும் நரிக்கும்" என்றார் எங்களுடன் வந்த வேட்டைத் தடுப்புக் காவலர். வேப்பம்பழ அளவுதான் இருந்தது, நல்ல இனிப்பு, ஆனால் அதன் பால் உதட்டில் பசைபோல ஒட்டிக்கொண்டது.

இங்கே உயிரைத் தீர்மானிப்பது நல்ல தண்ணீர். இரண்டு பக்கம் கடல், மூன்றாவது பக்கம் உப்பு நிலம். ஐப்பசி, கார்த்திகை மழை மணல்மேடுகளுக்குள் இறங்கி, உவர்நீரின்மேல் மெல்லிய படலமாக நிற்கும். பள்ளங்களிலும் குட்டைகளிலும் தேங்கும். மே மாதத்தில் குட்டைகள் வற்றிவிடுவதால் வனத்துறையினர் தொட்டிகளில் தண்ணீர் நிரப்புகிறார்கள்.

அப்படி ஒரு தொட்டியிலிருந்து சற்றுத் தள்ளி, புதர் மறைவில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். முதலில் வந்தவை தேனீக்கள். பிறகு, முறுக்கிய கொம்புகளுடன் கருத்த ஆண் வெளிமான் ஒன்று புல்வெளியிலிருந்து வந்து, பத்தடி தூரத்தில் நின்று காற்றை முகர்ந்தது. ஒரு முன்காலைத் தூக்கியவாறே வெகுநேரம் நின்ற பிறகுதான் தலையைத் தாழ்த்தியது. அது குடிக்கும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. அதன் பின்னால் கொம்பில்லாத பெண் மான்கள் நான்கு. மகள் என் கையை இறுகப் பற்றியிருந்தாள்.

மான்கள் போனபின் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். காய்ந்த கிளை ஒன்று உள்ளே சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. "எதற்கு அண்ணே இது?" என்று கேட்டேன். "அணில், ஓணான் தவறி விழுந்தால் ஏறி வரணும் சார்" என்றார் அவர். எந்தப் பலகையிலும் எழுதப்படாத இந்த அக்கறையால்தான் அந்தக் காடு கோடையைக் கடக்கிறது என்று நினைக்கிறேன். குளிர்காலத்தில் பறவை பார்க்க வருகிறவர்கள் ஒருமுறையாவது இந்த மாதத்தில் வந்து, சத்தமில்லாமல் ஒரு தொட்டியருகே உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

ராமர் பாதம் மேட்டில் ஏறி நான்கு புறமும் பார்த்துவிட்டு, நண்பகலுக்குள் திரும்பினோம். கோடியக்காடு அருகே, பின்னால் தண்ணீர் டேங்க் பூட்டிய டிராக்டர் ஒன்று எதிரே வந்தது. மைத்துனர் காரை மண்ணில் இறக்கி வழிவிட்டார். சிந்திய தண்ணீர் தார்ச்சாலையில் கோடு போட்டபடி காட்டை நோக்கிப் போயிற்று.